கடைசிக் கோட்டிங்

தேக்கு மரத்துக்கு வார்னிஷ் அடிக்க ஏற்ற நேரம் காலை பத்து மணிக்கு மேல்தான், ஐயா. அதற்கு முன் மரத்தில் பனி ஈரம் இருக்கும். பிற்பகலில் கடற்காற்று உப்பையும் தூசியையும் அள்ளி வந்து ஒட்டிவிடும். சம்பவ நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். வார்னிஷ் காயாத நேரம் என்று எழுதிக்கொண்டால் சரியாக இருக்கும்.

படகு பழையது. ஒருகாலத்தில் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுகளை ஏற்றிச் சென்றதாம். பெயின்ட் கடை காசிலிங்கம் அண்ணாச்சி அதை ஏலத்தில் எடுத்து, சொந்தக்காரர்களுக்குத் தீவுப் பக்கம் சுற்றிக்காட்டுவதற்காகப் படகுத்துறைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். படகை ஓட்டுபவர் ராஜபாண்டி அண்ணன். வெளிமரம் முழுவதும் என் பொறுப்பு. பகலில் இந்த வேலை, மாலையில் பாலிடெக்னிக் வகுப்பு.

எனக்குச் சந்தேக குணம் உண்டு. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிய பிறகும், போயிருக்குமா என்று மரத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். உப்புத்தாளால் தேய்த்து முடித்ததும் கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு கோட்டிங்கும் ஒருநாள் காய வேண்டும். மறுநாள் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்தது. இப்படி ஏழு கோட்டிங் ஆனால்தான் தேக்கு இந்த ஊர் வெயிலைத் தாங்கும்.

அண்ணாச்சி தினமும் வருவார்.

“என்னலே விஜயராஜ், காஞ்சிட்டா?”

“இல்ல அண்ணாச்சி. நாளைக்குத்தான் காயும்.”

உடனே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். “ஆமாலே, காயல. நீ சொன்னது சரிதான்” என்று விரலை என் துணியில் துடைத்துக்கொள்வார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

விரல் பதிந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது. அந்தப் பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ராஜபாண்டி அண்ணன் சிரிப்பார்: “ஏலே, அண்ணாச்சிக்கு ஆதார் எடுக்கணும்னா இங்கனயே எடுத்துரலாம் போலுக்கே.”

ஆயுத பூஜையன்று அண்ணாச்சி ஈரக் கோட்டிங்கின் மேல் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். “இவ்வளவு பளபளப்பா இருந்தா கண்ணு பட்டுரும்லா?” என்றார். அதன்பிறகு கண் படும்படியாக அங்கே எதுவும் இருக்கவில்லை.

நான் கோபப்படவில்லை. குறை என்னிடம்தானோ, வார்னிஷில் கலக்கும் டர்பன்டைன் அளவு தவறிவிட்டதோ என்றுதான் யோசித்தேன். வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன். பிழையின் மூலத்தை நீக்காமல் பிழையை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது வீண் என்றார். அவர் இயந்திரங்களைப் பற்றித்தான் சொன்னார் என்பதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். நல்ல மனிதர்.

அன்று நடு அறையின் கூரைக்குக் கடைசிக் கோட்டிங். படகின் பின்பக்கக் கைப்பிடிக் கட்டைக்கு ஏற்கெனவே முடித்திருந்தேன். அதைக் கழற்றி வைத்துத்தான் அடிக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் துளைக்குள்ளும் வார்னிஷ் இறங்கும். ஆகவே அது போல்ட் இல்லாமல் தாங்கிகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது என்றால், முறையாகச் செய்யும் வேலையில் அது சகஜம்.

அண்ணாச்சி வந்தார். கூரையில் விரலை வைத்தார். பிறகு வழக்கம்போலப் பின்பக்கம் போய்க் கைப்பிடியில் முதுகைச் சாய்த்தார். சாயாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். இத்தனை நாளில் நான் சொன்ன எதைக் கேட்டார், இதைக் கேட்க?

அவருக்கு நீச்சல் தெரியாது. முன்பக்கம் நின்ற ராஜபாண்டி அண்ணன் மிதவை வளையத்தை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறப் பார்த்தார்.

“மிதிக்காதீங்கண்ணே, ஈரமா இருக்கு. கரைவழியா சுத்தி வாங்க” என்றேன்.

பாவம், ஈரம் என்றால் மிதிக்காத பழக்கதோஷத்தில் சுற்றித்தான் வந்தார். அவர் குதித்து இழுத்துப் போட்டபோது அண்ணாச்சி எதையும் அழுத்திப் பார்க்கும் நிலையில் இல்லை.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டீர்கள். நான் ஆலந்தலைக் கடற்கரையில் வளர்ந்தவன், ஐயா. ஆனால் கையில் பிரஷ் இருந்தது. கோட்டிங்கைப் பாதியில் நிறுத்தினால் இணையும் இடத்தில் கோடு விழுந்துவிடும்.

இதை விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிடலாம். ராஜபாண்டி அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அப்படி எழுதினால் என் வேலையைப் பற்றி ஊரில் தவறான எண்ணம் வந்துவிடும். விஜயராஜ் கைப்பிடிக்குப் போல்ட் போட மறந்துவிட்டான் என்பார்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அன்று காலை வந்தவுடனேயே நான்கு போல்ட்டையும் போட்டு இறுக்கிவிட்டேன். “அண்ணாச்சி கார் வந்துட்டுலே” என்று ராஜபாண்டி அண்ணன் குரல் கொடுத்த பிறகுதான் கழற்றினேன். அவசரத்திலும் ஸ்பேனர் உரசாமல் இருக்கத் துணி சுற்றித்தான் கழற்றினேன். சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிப் பாருங்கள். மரத்தில் ஒரு கீறல் இருக்காது.