உடையாத அடைப்பு

பல்வலியோடு என்மேல் வந்த புகாரை விசாரிக்க வந்தவரிடம் நியாயம் பேசக்கூடாது ஐயா. உங்கள் கன்னத்து வீக்கம் கொஞ்சம் வடியட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்.

நான் அடைத்த பல்லில் ஒன்றுகூட உடைந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பீங்கான் கட்டியை இயந்திரத்தில் வைத்தால், பல்லின் குழிக்கு அச்சு அசலாகச் செதுக்கித் தரும். அதை ஒட்டிவிட்டால் மலை அசைந்தாலும் அது அசையாது. என்னிடம் அடைத்துக்கொண்ட ஒருவர் மாடியிலிருந்து வாய்குப்புற விழுந்தார், படிக்கட்டுதான் விரிசல் விட்டது.

என் மனைவியின் தம்பிக்கு மட்டும் நம்பிக்கையில்லை. "டீ கப்பும் பீங்கான்தான் மாமா. கை தவறினா என்ன ஆகுது?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான்.

"உன் ஆயுசுக்கும் உடையாது மாப்ளே, பாத்துடலாம்" என்று அவன் கீழ்க் கடைவாய்ப் பல்லிலேயே அடைத்தேன்.

ஒரு வருடம் கழித்து வந்தான். "மேல்பல்லு கூசுது மாமா. உங்க பீங்கான் அதை அரைச்சே தின்னுடும் போல."

பல் எங்கே இடிக்கிறது என்று நர்ஸம்மா மை ஒட்டும் நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்தார். "அடைப்பு கொஞ்சம் உசரமா இருக்கு டாக்டர். லேசாத் தேய்ச்சு விட்டாப் போதும்."

தேய்ப்பதா? மாமாவின் பீங்கான் தேய்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் தமுக்கடிப்பானே! மேல்பல் வந்து மோதியதற்குப் பீங்கானைத் தண்டிப்பது என்ன நீதி? மேல்பல்லைப் பிடுங்கினேன். சொத்தை என்று சொன்னேன். சொத்தையில்லைதான்.

பிறகு பக்கத்துப் பல்லால் கடித்தான். அந்த அதிர்வும் பீங்கானுக்குத்தானே போகும்? அதையும் எடுத்தேன். இப்படியே ஒவ்வொன்றாக. இன்று அவன் வாயில் ஒரே ஒரு பல், என் அடைப்போடு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறான்.

"உடைஞ்சுதா மாப்ளே?" என்று கேட்டேன்.

"இழ்ழ மாமா" என்றான். தோற்றதை அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்.

புகார் கொடுத்த மற்றவர்களையும் வரிசையாக வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வேறு எது இல்லாவிட்டாலும் அடைப்பு இருக்கும். வருத்தம் தெரிவிக்கச் சொல்கிறீர்கள். எதற்கு?

போன மாதம் என் மனைவிக்கும் ஒன்று அடைத்தேன். கட்டியவள் ஆயிற்றே, தவணை முறையெல்லாம் வேண்டாமென்று எதிர்வரிசை முழுவதையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, மயக்கத்தில் இருந்தாள். தெளிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. அடைப்பின் அருமையை அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.