ஐந்தாம் பாடத்தில் இல்லாத சொல்

"ஹலோ... ஆமாங்க, பாடம் அனுப்புற கம்பெனிதான்... இல்லங்க, போன் எடுக்கிற பொண்ணு இன்னைக்கு வரல. பல்லு பிடுங்கப் போயிருக்கு... நானா? நான் கவர் ஒட்டுறவன்ங்க."

கவர் ஒட்டுகிறவன் என்று சொல்லியிருக்க வேண்டாமே என்று பசைக்காரருக்கு உடனே தோன்றியது. ஒட்டுகிற ஆட்கள் போனைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் அது தூளிப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போயிருந்தார். முதலாளி நினைத்தால் வருவார், நினைக்காவிட்டால் இல்லை. போனால் போகிறது என்று எடுத்துவிட்டார். கையில் இருந்த பசையில் ரிசீவர் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன்... ஓ, பக்கத்துல படுத்திருக்காரா. சரி சரி, மெதுவாவே சொல்லுங்க. இங்க சத்தம் ஒண்ணும் இல்ல."

அச்சகத்துக்குக் கீழே தரைக்குள் இறக்கின அறை அது. மேலே மிஷின் ஓடினால் விளக்கு ஆடும். இப்போது நின்றிருந்தது. சுவரோரம் வரிசை வரிசையாகப் பாடங்கள், ஒவ்வொரு அட்டையிலும் தாடி வைத்த ஆசான். செல்வம் சேர்க்கும் ரகசியத்தைத் தபாலிலேயே கற்றுக்கொடுக்கிறவர்.

பேசியது ஒரு பெண். வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. பெயிண்ட் தூசி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியிலும் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் பசைக்காரருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ம்... ம்... பாடம் வாங்கிக்கிட்டு இருந்தாரு. சரி... நாலாவது வந்ததுல இருந்தா?... யாரோட பேசறதில்ல?... உங்களோடயா... மத்தவங்களோட?... பால்காரரோட பேசறாரு. டாக்டரோட பேசறாரு. சரி... உங்களோட மட்டும் இல்ல."

"தண்ணி வேணும்னா என்ன பண்ணுவாரு?... டம்ளரைத் தட்டுவாரா... ம்."

நாலாம் பாடம் பசைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தலை நரைத்த பிறகு, வேலை முடிந்த கையோடு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ என்று எழுதிப் பழகினவர் அவர். வகுப்பில் படித்ததை மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பாடங்களில்தான் உரசிப் பார்ப்பார். தட்டுத்தடுமாறாமல் அவர் முதன்முதலாக வாசித்து முடித்த பக்கம் நாலாம் பாடத்தின் முதல் பக்கம். செல்வத்தைத் தடுப்பது சந்தேகம், அது தெரிந்த முகத்தோடுதான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், அந்த முகத்தோடு பேச்சை நிறுத்து, விடுதலைச் சொல் கைக்கு வரும்வரை வாய் திறக்காதே, அந்தச் சொல்லை அடுத்த பாடத்தில் தருவோம் என்று அதில் இருந்தது. இதைக் கூடவா ஒருவன் வீட்டில் செய்து பார்ப்பான் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அவர் உங்களை அப்படி நினைக்கிற மாதிரி நீங்க என்ன பண்ணீங்க?... சிரிச்சீங்களா..."

தினம் காலையில் கண்ணாடி முன் நின்று நான் ராஜா, நான் ராஜா என்று சொல்ல வேண்டும் என்பது முதல் பாடம். மனுஷன் கிழிந்த பனியனோடு நின்று சொல்லியிருக்கிறார். அடுப்படியில் இருந்து இவள் எட்டிப் பார்த்து, ராஜாவோட பனியனை எலி ஆண்டுட்டுப் போயிருக்கே என்றாளாம். அவரும் சிரித்தாராம். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இவள்தான் முதுகைத் தடவிவிட்டாளாம். அப்புறம் நாலாம் பாடம் வந்தது. படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி இவளை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றது.

"அவரும்தானே சிரிச்சாரு... சரிங்க. புரியுதுங்க... ஆமா, ஆமா... இல்லங்க, காசு பேச்சு எடுக்காதீங்க. தோடைக் கழட்டாதீங்க, காதுலயே போட்டுக்குங்க. உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

அவளுக்கு ஐந்தாம் பாடம் வேண்டாம். அதில் இருக்கிற அந்த விடுதலைச் சொல் மட்டும் போதும். வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் பாடம் வருவது நின்றுவிட்டது, சொல் வந்து சேரவில்லை, அவர் வாயும் திறக்கவில்லை. தபாலில் அனுப்பினால் வந்து சேரும்போது கேட்க ஆள் இருக்காது. போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

"டாக்டர் என்ன சொல்றாரு?... ம்... அப்படியா சொன்னாரு... சரிங்க. இருங்க. வெச்சிடாதீங்க, நான் போய் எடுத்துப் பாத்துட்டு வர்றேன். வெச்சிடாதீங்க."

ஒட்டி முடித்த கவரைப் பிரிப்பது இன்னொரு குற்றம். பிரித்தார். எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, ஐந்தாம் பாடத்தை அடிமுதல் நுனிவரை படித்தார். பணக்காரர்களுக்கு எப்படிக் கை கொடுப்பது என்று இருந்தது. செருப்பில் எந்தக் காலை முதலில் நுழைப்பது என்று இருந்தது. காந்தப் பார்வையை ஆறாம் பாடத்தில் தருவோம் என்று முடிந்தது. சொல் இல்லை. தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று மறுபடி ஒரு தடவை விரலை ஓட்டினார். ஆறையும் பிரித்தார். அதிலும் இல்லை.

எழுதினவர் மறந்துவிட்டார். எழுதினவர் என்றால் முதலாளியின் மச்சான். முன்னே தலைமுடித் தைலத்துக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். ஐந்தை வாங்க வைக்க நாலில் ஒரு கொக்கி போட்டார், ஐந்தை எழுதும்போது கொக்கி போட்டதே ஞாபகம் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்த மனுஷன் அளக்கவும் இல்லை, போட்ட இடத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஹலோ... இருக்கீங்களா அக்கா?... நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அப்படி ஒரு சொல்லு இல்லக்கா... அஞ்சுலயும் இல்ல, ஆறுலயும் இல்ல. எழுதுறேன்னு சொல்லிட்டு எழுதாம விட்டுட்டாங்க... ஆசானா? ஆசான்னு ஒரு ஆளே கிடையாதுக்கா. அட்டையில இருக்கிறது முதலாளியோட மச்சான். தாடியும் ஒட்டுத்தாடி, நான் காய்ச்சின பசைதான் அதுக்கும். நீங்க சிரிச்சதுக்கும் செல்வம் வராததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இதைப் படிச்சு பணக்காரன் ஆனது ஒரே ஆளுதான், எங்க முதலாளி."

இதைக் கேட்டால் அவள் மனசு ஆறும் என்று நினைத்தார்.

"அக்கா?... என்னது... உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவளுக்கு முதல் நாளே தெரியும். கண்ணாடி முன் நின்று சொன்னால் காசு வரும் என்று நம்புகிற வயசா அவளுக்கு. அவரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் வாயில் வந்தால் உண்மையும் சந்தேகமாகிவிடுகிறது. காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

"அப்ப என்கிட்ட எதுக்குக்கா... யாரு, நானா?... ஆசானாவா?... இல்லக்கா, வேணாம். நான் பசை காய்ச்சுறவன், எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. பொய்யி அக்கா அது... சாகப்போற மனுஷன்கிட்ட போய்... அக்கா, அக்கா, கேளுங்க... ஹலோ?"

அவள் போனை வீட்டுக்காரர் காதில் வைத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது. காய்ந்த சுவரில் பெயிண்ட் இல்லாத தூரிகையை இழுத்து இழுத்து அடிப்பது போன்ற மூச்சு. பசைக்காரர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ம்... மாணவ மணியே."

பாடம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டிருக்கும்.

"நான்... ஆசான் பேசுகிறேன். உன் பாடம் முடிந்தது... முடிஞ்சுடுச்சு. நாலாம் பாடத்தை உங்களை மாதிரி யாரும் செஞ்சதில்ல. எல்லாரும் பாதியில வாயைத் திறந்துடுவாங்க. நீங்க திறக்கல... ஆமா. ஜெயிச்சுட்டீங்க... சொல்லா? அதுக்குத்தான் நானே பேசறேன். தர்றேன். விடுதலைச் சொல்லைத் தர்றேன்."

தருகிறேன் என்றாரே தவிர, என்ன சொல் என்று யோசிக்கவில்லை. பாடத்தில் வருகிற சொல்லெல்லாம் பெரிய பெரிய சொல்: வைரம், காந்தம், சிகரம். ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. வாடகை அறைக்குப் போனால் அவரிடம் ஒருவரும் கேட்காத ஒரு சொல் இருந்தது. அதுதான் வாயில் வந்தது.

"சாப்பிட்டியா."

மூச்சு ஒரு இழுப்பு நின்று, மறுபடி தொடங்கியது.

"ஆமாங்க. சாப்பிட்டியா. அதுதான் சொல்லு... இல்ல, கிண்டல் இல்ல. பெரிய சொல்லு எல்லாம் வெளியாளுங்களுக்கு. வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற சந்தேகத்துக்கு வீட்டுச் சொல்லுதான் வேலை செய்யும். உங்க வீட்டம்மா முகத்தைப் பாத்துச் சொல்லணும். சுவத்தைப் பாத்துச் சொன்னா பலிக்காது... ஆமா, முகத்தைப் பாத்து."

பொய் இப்படிக் கோர்வையாக வருவது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உண்மையைச் சொன்னபோதுதான் திக்கியது.

"என்ன?... அதுக்கப்புறமா?... செல்வமா..."

இதைப் பசைக்காரர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். மனுஷன் இத்தனை நாள் வாயைக் கட்டிக் கிடந்தது அதற்குத்தானே. காசுக்கு இல்லை, அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போக என்று அந்த மூச்சுக்கு நடுவே அவர் சொல்லப் பார்த்தது போல இருந்தது. அப்படித்தான் சொன்னாரா, இவர்தான் அப்படிக் கேட்டுக்கொண்டாரா, தெரியாது.

"வருங்க... ஆமா. வந்துடும்... இன்னைக்கேவா?"

அந்த மூச்சுத் தூரிகை சுவரில் காத்துக்கொண்டு நின்றது.

"ஆமாங்க. இன்னைக்கே."

போன் எங்கேயோ சரிந்து, துணியில் உரசும் சத்தம் வந்தது. பிறகு, துருப்பிடித்த கீல் திரும்புவது போல, அந்தச் சொல் வந்தது. பசைக்காரர் கொடுத்த மாதிரி இல்லை. அவர்கள் வீட்டு வழக்கத்தில், பின்னால் ஒரு 'மா' சேர்த்து வந்தது.

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. வார்த்தை ஒன்றும் இவர் காதுக்குத் தெளியவில்லை, ஆனால் சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்விக்கு அவ்வளவு நீளமான பதிலை இவர் கேட்டதே இல்லை. இத்தனை நாள் சாப்பிட்டது, சாப்பிடாமல் கவிழ்த்து வைத்தது, யாரிடமும் சொல்லாதது எல்லாம் அதில் இருந்திருக்கும். பசைக்காரர் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். படியில் சூப்பர்வைசர் இறங்கி வந்தார். வெறும் சாக்குகளைத் தோளில் போட்டபடி, பிரித்துக் கிடந்த கவர்களைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் என்று பசைக்காரர் கையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் ஆண் குரல் மறுபடி என்னவோ சொன்னது; அதில் வாசல் என்பது மட்டும் தெளிந்தது. அவள் பேச்சு நடுவில் நின்றது. அவர் அதையே திருப்பிச் சொன்னார். இந்த முறை கொஞ்சம் அவசரமாக. பிறகு காலடிச் சத்தம், தரையைத் தேய்த்துக்கொண்டு, கட்டிலை விட்டு விலகிப் போகிற சத்தம்.

"அக்கா... எங்க போறீங்க? அவர் பக்கத்துலயே இருங்க... அக்கா, கேக்குதா? வாசல்ல யாரும் இல்லக்கா. யாரும் வரமாட்..."

மீதியை விழுங்கினார். போன் அவள் கையில் இல்லை. வீட்டுக்காரர் தலைமாட்டில் கிடக்கிறது. சொன்னால் கேட்பது அவர் காது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்ததும் தெரு அப்படியே போனுக்குள் வந்தது: யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், ஒரு வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். போனுக்குப் பக்கத்தில் இருந்த மூச்சு அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவள் யாரும் இல்லை என்று திரும்பிச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் குனிந்து போனை ஒற்றை விரலால் அழுத்தித் துண்டித்தார். அவள் கதவைச் சாத்துகிற சத்தம் அதுவரை வரவில்லை.