கடைசிப் பக்கத்துப் பிளேன்

இல்லைப் பிள்ளை, நான் உம்மைக் குறை சொல்ல வரேல்லை. லென்சைத்தான் குறை சொல்லுறன். போன கிழமை உம்மட்டைத்தானே வாங்கிக்கொண்டு போனனான். பழசெண்டாலும் கண்ணாடி சுத்தம் எண்டு நீர் சொன்னனீர், நானும் லைற்றுக்கு நேரை பிடிச்சுப் பாத்தனான். இப்ப இந்த மெமறிக் காட்டிலை இருநூற்றுச் சொச்சம் படம் கிடக்கு. அதுக்குள்ளை ஒண்டு, ஒரேயொரு படம் ஆளுக்குக் காட்டக்கூடியதா இருக்கெண்டு எடுத்துக் காட்டும், நான் பேசாமல் எழும்பிப் போறன்.

போடும், போடும், உம்மடை கொம்பியூட்டரிலை போட்டே பாரும். அது ஏறி வர நேரமெடுக்கும் போலை கிடக்கு. அதுக்கிடையிலை சொல்லுறன்.

நான் படம் எடுக்கத் தெரியாத ஆளில்லை. சண்டிலிப்பாயிலை கோபி ஸ்ரூடியோ எண்டு ஆரையும் கேட்டுப் பாரும். இருபத்தாறு வருசம். அந்தப் பக்கத்திலை அடையாள அட்டைக்கு என்னட்டை வந்து முகத்தைக் காட்டாத ஆள் இல்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாம் எடுத்தாச்சு. ஆனால் பாரும், நான் எடுத்ததெல்லாம் நிக்கிற சனம். நாடியைத் தூக்குங்கோ எண்டால் தூக்கும், சிரியுங்கோ எண்டால் சிரிக்கும். செத்த வீட்டிலை கேக்கவே வேண்டாம். ஷற்றரை அறுபதிலை வைச்சு பிளாஷைப் போட்டா அலுவல் முடிஞ்சுது. பிளேனுக்கு நாடியைத் தூக்கு எண்டு சொல்லேலுமே?

என்னத்துக்கு இந்த வயசிலை பிளேனோ? அதைத்தான் என்ரை மனிசி உதயகலாவும் கேக்கிறா. வாற வெள்ளிக்கிழமை மகள் போறாள், பிள்ளை. நிவேதனா, எங்களுக்கு ஒரே பிள்ளை. சித்திரையிலை கலியாணம் முடிஞ்சது, பெடியன் நோர்வே, இப்ப விசாவும் வந்திட்டுது. பலாலியிலை ஏறிச் சென்னை, அங்கையிருந்து மற்றப் பிளேன். அந்தப் பலாலிப் பிளேனைத்தான் நான் எடுக்கோணும்.

எங்கடை பக்கத்துக் கலியாண அல்பம் நீரும் கண்டிருப்பீர்தானே. மாப்பிள்ளை வெளிநாடெண்டால் கடைசிப் பக்கத்திலை கட்டாயம் ஒரு பிளேன் பறக்கும். கீழை முகில், நடுவிலை பிளேன், அதுக்கு மேலை பொம்பிளையும் மாப்பிள்ளையும் கன்னத்தோடை கன்னம் வைச்சுக்கொண்டு நிப்பினம். அந்தப் பிளேன் நான் நெற்றிலை இறக்கினது. ஒரு பிளேனையே நாற்பது அம்பது அல்பத்துக்கு ஓட்டியிருப்பன். ஒருக்கா அவசரத்திலை சாமான் ஏத்திற பிளேனைப் போட்டுக் குடுத்திட்டன், யன்னலே இல்லை. பொம்பிளையின்ரை தாய் ஸ்ரூடியோவுக்கு வந்து, என்ரை பிள்ளையை எதுக்குள்ளை ஏத்தி அனுப்பியிருக்கிறீர் எண்டு கேட்டவ.

மகளின்ரை அல்பமும் நான்தான் செய்தனான். கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டு அவள் அந்தப் பிளேனைக் கழட்டச் சொல்லிப்போட்டாள். ஊர்ப் பிள்ளையள் எல்லாம் போன பிளேனிலை நான் போகேல்லை அப்பா, நான் போற பிளேனை நீங்களே எடுத்து வையுங்கோ, அதுவரைக்கும் அந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கட்டும் எண்டு சொன்னாள். நகை கேக்கேல்லை, உடுப்புக் கேக்கேல்லை. வேறை ஒண்டுமே கேக்காத பிள்ளை. அல்பம் இப்ப எங்கடை மேசையிலை கிடக்கு, கடைசிப் பக்கம் வெள்ளையாக் கிடக்கு. பாக்கப் பாக்க எனக்கு விசர் வருது.

யூரியூப்பிலை பாக்காத வீடியோ இல்லை. ஒரு வெள்ளைக்காரன், வேலியோரத்திலை கதிரை போட்டு இருந்துகொண்டு, ஏதோ தோசை சுடுறமாதிரி லேசாச் சொல்லுறான். தமிழிலை ஒருத்தன் இருக்கிறான், அவன் பாதி நேரம் பெல் பட்டனை அமத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருத்தன் ஷற்றரைக் கெதியாக்கி ஆயிரத்துக்கு மேலை வை எண்டுறான், மற்றவன் மெதுவாக்கி நூற்றிருபத்தைஞ்சுக்கு இறக்கு எண்டுறான். ஆரை நம்பிறது?

முதல் ஒருநாள் என்ரை ஸ்ரூடியோ மொட்டை மாடியிலை நிண்டு ரெண்டாயிரத்திலை வைச்சு எடுத்தனான். நல்ல தூரம். மற்றப் பக்கத்துக் காத்து, பிளேன்ரை சத்தம் கூடக் கேக்கேல்லை. படம் தெளிவா வந்தது. சின்னன்தான், ஆனால் பெருப்பிச்சா யன்னல் எண்ணலாம். சந்தோசமா மனிசியிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். அவ பாத்திட்டு, காத்தாடி நிண்டுபோன பிளேனிலையோப்பா பிள்ளையை அனுப்பப் போறியள் எண்டு கேட்டா. அப்பதான் நானும் கவனிச்சன். அது முன்னுக்கு ரெண்டு காத்தாடி சுத்திற பிளேன்தானே. ஷற்றர் கெதியா அடிச்சதிலை காத்தாடி அப்பிடியே விறைச்சுப்போய் நிக்குது. பாக்க, இப்ப விழப்போற மாதிரி இருக்கு. கலியாண அல்பத்திலை அதை வைக்கேலுமே? மனிசி அண்டைக்கு வைரவருக்கு வடைமாலை நேந்தவ.

அதாலை ஷற்றரை இறக்கினன். இறக்கினால் பிளேன் போற வேகத்துக்குக் கமராவையும் சேத்துத் திருப்போணும், இல்லாட்டி முழுக்க இழுபட்டுப் போகும். அதுவும் பழகினன் பிள்ளை. மானிப்பாய் றோட்டிலை நிண்டு வாற போற பஸ் எல்லாம் எடுத்தனான். சில்லுச் சுத்துது, போட்டிலை இருக்கிற எழுத்தை வாசிக்கலாம். மோட்டச்சைக்கிள் எடுத்தனான். பறக்கிற கொக்குக் கூட எடுத்தனான், ஃபோனிலை இருக்கு, பாரும். பாத்தீரே? இது கை நடுங்கிற ஆள் எடுத்த படமே?

பேந்து ஏன் பிளேன் மட்டும் வரேல்லை எண்டுதானே நானும் கேக்கிறன்.

தூரத்திலையிருந்து எடுத்தாச் சின்னனா வருது, ஒரு முழுப் பக்கத்துக்குக் காணாது எண்டுதான் கிட்டப் போனனான். வேலிக்குக் கிட்ட இல்லை, அங்கை கமராவோடை நிண்டா ஆமிக்காரர் வந்திடுவினம், ஆருக்கு வேணும் அந்தக் கரைச்சல். கட்டுவன் பக்கம் என்ரை சிநேகிதன் தியாகராசாவுக்கு வெங்காயத் தோட்டம் இருக்கு. எழும்பிற பிளேன் அதுக்கு மேலாலைதான் போகும். நல்லாப் பதிஞ்சு, தாழ்வாப் போகும். இதைவிட வாசியான இடம் கிடையாது. உம்மடை லென்சைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் அங்கை போனனான்.

நாலு நாளும் கோதாரிதான். நூற்றிருபத்தைஞ்சிலை வைச்சன், சரிவரேல்லை. இருநூற்றம்பதுக்கு ஏத்தினன். ஓடுற சாமானை விடாமல் துரத்திற போகஸைப் போட்டன். கை நடுக்கத்தைப் பிடிக்கிற சுவிச்சை ஒரு நாள் போட்டன், ஒரு நாள் நிப்பாட்டினன். மத்தியான வெக்கையிலை காத்துக் கொதிக்கிறதாலை படம் கலங்கும் எண்டு ஒருத்தன் சொன்னான். நான் வெய்யிலைக் குறைக்கேலுமே? கடைசி நாள், காத்தாடி நிண்டால் நிக்கட்டும் எண்டு பழையபடி ரெண்டாயிரத்திலையே வைச்சன். அதுவும் இழுபட்டுத்தான் கிடக்கு. ரெண்டாயிரத்திலை எப்பிடிப் பிள்ளை இழுபடும்? சொல்லும் பாப்பம். லென்ஸ் பிழையில்லாமல் வேறை என்ன?

எங்கை போறீர் கமராவைக் கொண்டு? ஓ, முன்கடைப் பேர்ப் போட்டைப் படமெடுத்துப் பாக்கிறீரோ. பாரும், பாரும். ம். ஓம், தெளிவாத்தான் இருக்கு. ஃபோன் நம்பரும் வாசிக்கலாம். ஆனால் அது போட், பிள்ளை. ஆணி அடிச்சு வைச்சிருக்கிற சாமான். இப்ப போன ஓட்டோவோ? சரி, அதுவும் வந்திருக்குத்தான். லென்சிலை பிழையில்லை எண்டுறீர். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவியள், விக்கிற ஆக்கள்.

கோவிக்காதையும். நாலு நாளா நித்திரையில்லை, வாயிலை வந்ததைக் கதைக்கிறன்.

ஏறிட்டுதே காட்? இது முதல் நாள். ஓம், இது மூக்குத் தெரியிற படம், இது நல்லாத்தான் தொடங்குது. எல்லா நாளும் தொடக்கம் நல்லாத்தான் இருக்கும். இதிலையிருந்துதான் இழுபடுது. என்ன, கீழ்நோக்கியோ? அது பக்கத்துக்கெல்லோ இழுபட வேணும் எண்டுறீர். காத்து அடிச்சிருக்கும், வெளித் தோட்டம்தானே. கமராவும் பாரம். உந்தப் படங்களை விடும். அங்காலை போக வேண்டாம், அங்காலை ஒண்டும் இல்லை.

அது வெங்காயத் தாள். இது நிலம். ஓம், செம்மண்தான், கட்டுவனிலை வேறை என்ன மண் இருக்கு. விரல் பட்டனிலை இறுகிப்போய் இருந்திருக்கு, அதுதான் அது பாட்டுக்கு அடிச்சுக்கொண்டு போயிருக்கு. ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். மூண்டாம் நாளும். நாலாவதைத் திறக்க வேண்டாம், பிள்ளை.

என்ன கேக்கிறீர்? இல்லை, விழேல்லை. விழுறதெண்டால் கால் தடக்க வேணும். நான் படுத்தனான்.

ஓம், குப்புற. நானா யோசிச்சுச் செய்யிறேல்லை. தூரத்திலை வரேக்கை ஒரு பிரச்சினையும் இல்லை, கமராவுக்குள்ளாலை வடிவாப் பாத்துக்கொண்டு நிக்கிறன், போகஸ் பிடிச்சு பச்சை லைற்றும் எரியுது. பேந்து அந்தச் சத்தம் தலைக்கு நேரை வரும் பாரும், அதோடை சரி. பிறகு பாத்தா நான் பாத்திக்குள்ளை கிடக்கிறன், சேட்டுக் கொலரைப் பல்லாலை கடிச்சுக்கொண்டு. நெஞ்சு நிலத்திலை முட்டக்கூடாது, பல்லுக்கிடையிலை துணி இருக்கோணும், எங்கடை ஐயா பழக்கினது. அப்ப எனக்குப் பதினாலு வயசு. அஞ்சு வருசம், ஒரு நாளைக்கு எத்தினை தரம் எண்டு ஆருக்குத் தெரியும். நீர் அப்ப பிறந்திருக்கமாட்டீர். குண்டோடை மேலாலை வாற பிளேனை நாங்கள் நிமிந்து பாத்ததில்லை. பாத்துக்கொண்டு நிண்ட ஆக்கள் இப்ப இல்லை.

முப்பது வருசத்துக்கு மேலையாச்சு. எனக்குள்ளை இது இருக்கெண்டே எனக்குத் தெரியாது பிள்ளை. ஸ்ரூடியோவுக்குள்ளை இருக்கிற ஆளுக்கு மேலாலை என்ன போனால் என்ன. பதிஞ்சு போற பிளேனுக்குக் கீழை அதுக்குப் பிறகு நான் நிண்டதேயில்லை எண்டு அந்த வெங்காயத்துக்கை கிடக்கேக்கைதான் யோசிச்சன். வெக்கம் பிள்ளை. கலியாணம் முடிச்சுக் குடுத்த பிள்ளையின்ரை தேப்பன், முழங்காலெல்லாம் மண்ணோடை எழும்பி நிக்கிறன். முதல் நாள் தவறி நடந்ததெண்டு நினைச்சன். ரெண்டாம் நாள், இண்டைக்குப் படுக்கிறேல்லை எண்டு காலை அகட்டி ஊண்டிக்கொண்டு நிண்டனான். அதுக்கும் அதே கதைதான்.

தியாகராசா கண்டவன். நாலு நாளும் கண்டவன். அவனுக்கும் என்ரை வயசுதான். தண்ணிக் குழாயை மற்றப் பாத்திக்கு இழுக்கிற மாதிரி அங்காலை திரும்பி நிண்டவன். அவன் ஒவ்வொரு நாளும் அதுக்குக் கீழைதான் நிக்கிறான், ஆள் அசையேல்லை. எத்தினை நாளிலையடா உனக்குப் பழகினது எண்டு கேக்க நினைச்சனான். கேக்காமலே கமராவைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். என்னட்டை இருக்கிறது இன்னும் மூண்டு நாள்.

மனிசிக்குத் தெரியாது. லென்ஸ் பிழையெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அதுதான் உம்மட்டை வந்து இவ்வளவும் கத்தினனான். லென்ஸ் பிழையா இருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஸ்ராண்டிலை பூட்டி விட்டிட்டு றிமோட்டாலை அடிக்கிறதோ? ஓம், அது வரும். படுத்துக் கிடந்துகொண்டும் அடிக்கலாம். படத்துக்கு அது காணும். நீரே வந்து எடுத்தாலும் சரி, உம்மடை கை நல்ல கை, காசு எவ்வளவெண்டாலும் தாறன், ஆர் எடுத்ததெண்டு நான் சொல்லப்போறேல்லை. படம் எப்பிடியோ வந்திடும், பிள்ளை.

இது வேறை. அவள் யன்னல் சீற் எடுத்திருக்கிறாள். பிளேன் எழும்பினவுடனை கீழை பார், தியாகராசா மாமான்ரை தோட்டத்திலை அப்பா வெள்ளைச் சேட்டோடை நிண்டு கை காட்டுவன் எண்டு தோட்டத்துக்குப் போறதுக்கு முதலே வாய் விட்டுட்டன். இப்ப அவள் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள், எந்தப் பக்கத்து யன்னல் அப்பா, இடமோ வலமோ எண்டு. அவள் தேடித்தான் பாப்பாள். வெள்ளிக்கிழமை நீர் படத்தை எடும். நான் தியாகராசாவைக் கேக்கப் போறன், என்ரை அரையை ரெண்டு கையாலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நில்லடா எண்டு. அவன் பிடிப்பான். அவள் கடைசியா இந்த ஊரைக் குனிஞ்சு பாக்கேக்கை, தேப்பன் வெங்காயத்துக்கை குப்புறக் கிடக்கக்கூடாது.