தண்ணீர்த் தொட்டியில் பால் ஊற்றியது நான் இல்லை

பெயர்: புவனேஸ்வரி. வயது: 46. கணவர் பெயர்: தங்கமுத்து. முகவரி: பூச்சந்தைப் பின் தெரு, திண்டுக்கல். தொழில்: இல்லை என்று எழுதப் போனார்கள், விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவளுக்குத் தொழில் இல்லை என்றால் எப்படி என்று நான் கேட்டதன்பேரில், வீட்டு வேலை என்று எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். விக்னேஷ்குமார் என்று எங்களுக்கு ஒரே மகன், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். என் கணவர் கொடுத்த புகாரை இன்று இங்கே உதவி ஆய்வாளர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். வீட்டில் இருந்த விலை உயர்ந்த காபி மிஷினைக் காணவில்லை, மனைவியையும் காணவில்லை என்று அதில் இருக்கிறது. மிஷின் முதலில் இருக்கிறது, நான் இரண்டாவது இருக்கிறேன். என்னை யாரும் கடத்தவில்லை. நான் எதையும் திருடவும் இல்லை. நானாகப் போனேன், மிஷினை நானே தூக்கிக்கொண்டு போனேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த மிஷின் என் மகன் போன தீபாவளிக்கு எனக்கென்று வாங்கி அனுப்பியது. பெட்டி மேல் என் பெயர் இருந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியவளும் நான்தான். மேலே காபிக்கொட்டையைப் போட்டால் அதுவே அரைத்து, பின்னால் உள்ள தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி, கீழே டம்ளரில் டிகாஷனை இறக்கும். என் கணவர் அதைக் கூடத்தில் டி.வி. பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். ஆனால் ஒரு நாளும் அதன் பொத்தானை அவர் அமுக்கியது கிடையாது. காபி நன்றாக வந்தால் 'நம்ம மிஷின்' என்பார், விளக்கு எரிந்து நின்றுவிட்டால் 'உன் மிஷின்' என்பார்.

அதன் பிறகு அதோடு மல்லுக்கட்டியது நான்தான். நாங்கள் வழக்கமாகக் கொட்டை வாங்கும் கடையில், வறுத்து இறக்கும்போது ஒரு கரண்டி நெய் விடுவார்கள். அப்போதுதான் வாசம் நிற்கும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கடையில் இருக்கிற பெரிய அரவை மிஷினுக்கு அது ஒன்றும் செய்யாது. இதற்குள் போட்டதும் நெய்க்கொட்டை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அரவைப் பல்லுக்குள் இறங்கவில்லை. மேலே நிறையக் கொட்டை கிடக்கும்போதே கொட்டை இல்லை என்று விளக்கு எரிந்தது. நான் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கொட்டையை அள்ளி, பல்லைக் கழற்றி, பிரஷ் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். அதன் பிறகு கடைக்குப் போய் நெய் விடாமல் வறுத்துத் தரும்படி கேட்டேன். கடைக்காரர் பொம்மையன், "நெய் இல்லாமயா? ஏம்மா, வீட்ல யாருக்கும் உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். மிஷினுக்குத்தான் முடியலை என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அரவையை ரொம்பப் பொடியாக வைத்தால் டிகாஷன் சொட்டி நின்றுபோகும், பருபருவென்று வைத்தால் கழனித் தண்ணி மாதிரி வரும். நடுவில் எந்த இடம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பிடித்தேன். எங்கள் தெருப் போர் தண்ணீரில் சோப்பு கூட நுரைக்காது, அம்புட்டு உப்பு. அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து வேறொரு விளக்கு எரியும் என்பதால் கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். பாலை அடுப்பில் தனியாகக் காய்ச்சிக் கலப்பேன். தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மிஷினில் எது கூடும் எது கூடாது என்று தெரியாதவள் நான் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, என் மகனுக்குப் பேசியிருக்கிற பெண் வீட்டார் நெய்க்காரப்பட்டியில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழி என்பதால் பெண் ஜீவிதாவும் கூட வந்திருந்தாள். ஒத்தாசைக்கு என்று என் கணவரின் அக்கா சிவனம்மாள், தொப்பம்பட்டியில் இருந்து முதல் நாளே வந்திருந்தார். அவர் காலையில் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம் புவனா, வாரவங்களுக்கு வெறுந் தண்ணியிலயா காபி வெப்ப? நம்மள என்னன்னு நெனப்பாங்க?" என்று கேட்டார். "டிகாஷன்தான் மதினி தண்ணியில, பால் அடுப்புல காயுது. அந்தத் தொட்டியில மட்டும் கைய வச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் குளித்துச் சேலை மாற்றப் போனேன்.

அதன் பிறகு பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். என் கணவர் எழுந்து நின்று, "இப்பப் பாருங்க, நம்ம கண்ணு முன்னாடியே அரைச்சு, நம்ம கண்ணு முன்னாடியே இறக்கும்" என்றார். நான் வெள்ளி டம்ளரை வைத்துப் பொத்தானை அமுக்கினேன். அரவை நன்றாகத்தான் ஓடியது. அதன் பிறகு உள்ளே ஒரு முனகல் கேட்டு, மிஷின் கிடுகிடுவென்று ஆடி, பக்கவாட்டில் ஆவி அடித்து, டம்ளரில் மஞ்சளாகத் திரி திரியாக விழுந்தது. கூடம் முழுக்கத் தீய்ந்த பால் வாசம். பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

என் கணவர், "இவ கை பட்டு எது உருப்பட்டிருக்கு? தெரியாததத் தொடாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தொட்டி மூடியைத் திறந்து காட்டினேன், பால் ஆடை கட்டிக் கிடந்தது. இதை நான் ஊற்றவில்லை என்று சொன்னேன். மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். என் கணவர், "வாய மூடிக்கிட்டு உள்ள போ" என்றார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் உள்ளே போ என்றால் நான் போய்த்தான் பழக்கம். அன்றைக்கும் போனேன்.

அடுப்பங்கரையில் நான் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது ஜீவிதா பின்னாலேயே வந்து டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். அதன் பிறகு மெதுவாக, "ஏனுங்க அத்தை, நீங்க ஊத்தலைன்னு சொன்னீங்களே, அப்பறம் எதுக்குங்க மாமா உங்களையே பேசுனாரு?" என்று கேட்டாள். கூடத்தில் பேச்சு வாங்கியதைக்கூடத் துடைத்துப் போட்டிருப்பேன். இந்த வீட்டுக்கு வாழ வரப் போகிற பெண், வருமுன்னே அந்தக் கேள்வியைக் கேட்டதைத் துடைத்துப் போட முடியவில்லை. நாளைக்கு இவளுக்கும் இதுதானே என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு நான் என் கணவரிடம், அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, ஊற்றியது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன். "ஒரு காபிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் மிஷினை ஜமுக்காளத்தில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, நத்தம் கமர்ஜஹான் வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் போனில் வெங்காய விலை பார்த்துக்கொண்டே ம் என்றார். ஆகையால் காணவில்லை என்று புகாரில் எழுதியிருப்பது பொய். பஸ்ஸில் கண்டக்டர், மடியில் என்னம்மா என்று கேட்டார். காபி என்றேன்.

கமர்ஜஹான் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளும் அவள் வீட்டுக்காரர் கிதர் முகம்மதுவும் கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "ஏண்டி, கோவிச்சுக்கிட்டு வாரவ நகைநட்டத் தூக்கிட்டு வருவா, நீ என்னடி அடுப்படிச் சாமானத் தூக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். முதலில் சோறு தின்னு என்றாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் தொட்டியைக் கழற்றி வெந்நீரில் ஊற வைத்துக் கழுவினோம். உள்ளே குழாயிலும் சூடாக்கும் இடத்திலும் பால் பிடித்திருந்ததால் வெறும் தண்ணீருக்கு அது மசியவில்லை. சமையலுக்குப் போடுகிற எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, செத்த நேரம் ஊறப் போட்டு, மறுபடி ஓடவிட்டோம். முதலில் திரியாக வந்தது, பிறகு பழுப்பாக வந்தது, அதன் பிறகு தண்ணீராகவே வந்தது. வாசம் போக இன்னும் பலமுறை நல்ல தண்ணீர் விட வேண்டியிருந்தது. கடைசியில் கொட்டை போட்டு அரைத்து இறக்கிக் கொடுத்ததைக் கிதர் அண்ணன் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார். உருப்படாத என் கைதான் அதை ஓட வைத்தது.

இடையில் என் மகன் போன் செய்து, "அம்மா, வேற மிஷின் வாங்கித் தாரேன், நீ வீட்டுக்குப் போ" என்றான். நான் மிஷினா கேட்டேன் என்று கேட்டேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்தில் இருந்து போன் வந்ததால், இன்று மிஷினையும் எடுத்துக்கொண்டு நான் ஆஜரானேன். அது இப்போது மேஜை மேல் இருக்கிறது, வேண்டுமானால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

உதவி ஆய்வாளர் அம்மா என் கணவரைக் கூப்பிட்டு, பால் ஊற்றியது யார் என்று கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க அக்காதாம்மா. செம்போட அங்க நிக்கிறத நான் பாத்தேன். வந்த எடத்துல அத்தனை பேரு முன்னாடி அது பேரச் சொன்னா மனசு வெறுத்துப்போகும். இவன்னா நம்ம வீட்டு ஆளு, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு விட்டுட்டேன்" என்று சொன்னார்.

அவருக்குத் தெரியும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் பேசிவிட்டார் என்றுதான் நான் நத்தத்தில் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், அவருக்காகக் கமர்ஜஹானிடம் பரிந்துகூடப் பேசினேன். தெரிந்தே பேசியிருக்கிறார். அக்காவுக்கு மனசு இருக்கிறது, எனக்கு இருக்கிறது என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

மதினி மேல் எனக்குக் கோபம் இல்லை. வருகிறவர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று ஊற்றினார், மிஷின் சங்கதி தெரியாமல் ஊற்றினார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என் கணவர் நெய்க்காரப்பட்டிக்குப் போய், அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில், பால் ஊற்றியது என் மனைவி இல்லை, தெரிந்தேதான் அவளைப் பேசினேன் என்று ஜீவிதா முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு வருகிறேன். ஊர் சிரிக்குமே என்கிறார். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எந்த ஊர் என்று கேட்டேன். அதுவரைக்கும் நான் நத்தத்தில் இருப்பேன். மிஷின் என்னுடையது, என்னோடு வரும்.

இந்த வாக்குமூலத்தின் முடிவில், குடும்பத்தில் ஏற்பட்ட சிறு மனஸ்தாபத்தால் கோபத்தில் வெளியேறிவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்று எழுத்தர் ஐயா வழக்கப்படி ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் நான் அடிக்கச் சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றார். நான் வருந்தவில்லை என்றேன். அதன் பிறகு அந்த வரி அடிக்கப்பட்டது. அடித்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள், நிலையத்தைச் சேராத வேறு ஆள் பக்கத்தில் இல்லாததால் என் கணவரைப் போடச் சொன்னார்கள். அவர் முழுவதையும் வாசித்தார், பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார், அதன் பிறகு போட்டார். போட்டுவிட்டு, "எழுதிக் குடுத்தாச்சுல்ல, வா போலாம்" என்றார்.

இந்தக் காகிதம் நிலையத்துப் பீரோவுக்குள் இருக்கும், ஜீவிதாவுக்குக் கேட்காது. ஆகையால் நான் நத்தம் பஸ்ஸுக்குப் போகிறேன், நெய்க்காரப்பட்டி பஸ்ஸும் அதே பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதில் உள்ளது அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி. மாற்றிச் சொல்லும்படி கேட்டுப் பார்த்தார்கள், மாற்றவில்லை.

(ஒப்பம்) த. புவனேஸ்வரி

அடித்த வரிக்குச் சாட்சி: (ஒப்பம்) தங்கமுத்து, கணவர்