தென்மேற்கு மூலையில் விழுந்த சுவர்

கரடி, நீயும் கேட்டுக்கொள்.

என் பெயர் லோர்னா விக்கெர்ட். வயது அறுபத்தொன்று. அயோவா மாநிலம், டாரோ ஊர், பிளம் தெரு, 418ஆம் எண் வீட்டில் இருக்கிறேன். எட்டாவது வரை படித்தேன். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை. கரடி என்று நான் கூப்பிட்டது இறந்துபோன என் வீட்டுக்காரர் மெர்ல் விக்கெர்ட்டை. இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டதால் அதையும் சொன்னேன்.

எங்கள் நிலவறையின் மேற்குச் சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியது. வெளியே ஈரமண் ஊதி நெட்டித் தள்ளியதில், நடுவில் நீளவாக்கில் விரிசல் விட்டு, உள்பக்கம் வயிறு தள்ளி நின்றது. சென்ற அக்டோபரில், எங்கள் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தும் டுவைட் ரஸ்க் என்பவரை வைத்துச் சரிசெய்தோம். அவர் சுவரை ஒட்டி ஆறு இரும்புத் தூண்களை நிறுத்தி, விரிசலைப் பூசி, வெள்ளையடித்து, தூண்களின் தலை தெரியாதபடி மேலே பலகையும் அடித்தார். ஆயுள் உத்தரவாதம் என்று ஒரு காகிதம் கொடுத்தார். "உங்க ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் இந்தச் சுவர் விழும், சிஸ்டர்" என்றார்.

அதன் பிறகு மெர்ல் அந்தச் சுவருக்கு முன்னால் நூலில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து தரையில் பென்சிலால் குறித்துவந்தார். ஏப்ரலில் கால் அங்குலம் குறைந்திருந்தது. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, "டுவைட், சுவர் நகருதுப்பா" என்றார். "சுவர் எங்கயும் போகல மெர்ல். உன் குண்டுதான் உன்னை மாதிரியே தள்ளாடுது" என்றார் டுவைட். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே, துணி காயப்போட இடைஞ்சல் என்று நூலை அறுத்துவிட்டேன். மெர்ல் குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி, மூன்று நாள் மழைக்குப் பிறகு, மாலை நாலு பத்துக்குச் சூறாவளிச் சைரன் ஊதியது. இருவரும் நிலவறைக்கு இறங்கினோம். சூறாவளிக்குத் தென்மேற்கு மூலைதான் காப்பு என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். மெர்ல் நேரே அங்கே போய், அந்த மேற்குச் சுவரையொட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான், "இந்தப் பக்கம் வா கரடி" என்றேன். "காத்து அங்கேருந்துதான் அடிக்கும், இடியறதெல்லாம் அந்தாண்ட பறந்துடும். எங்கப்பா சொன்னது. ரேடியோவ எடுத்துட்டு நீ இங்க வா" என்றார். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் இருந்த ரேடியோவை எடுக்கத் திரும்பினேன். சுவர் மொத்தமாக அவர்மேல் விழுந்தது. சூறாவளி ஊருக்குள் வரவே இல்லை. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிகூட அசையவில்லை.

அதன் பிறகு தீயணைப்புக்காரர்கள் வந்து அவரை எடுத்தார்கள். அவர்களில் தச்சு வேலை தெரிந்த ஒருவர் மேலே காட்டினார். தளத்தைத் தாங்கும் கட்டைகள் சுவர் போகும் வாக்கிலேயே ஓடுவதால், தூணின் தலை நகராமல் இருக்கக் குறுக்குக் கட்டை கொடுத்து அதில் தூணை போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டுமாம். இங்கே ஒரு மெல்லிய பலகையும் தூணுக்கு இரண்டு திருகாணியும்தான் இருந்தன. விரிசலில் காரையே இல்லை. டுவைட் செய்தித்தாளைத் திணித்து மேலே மெழுகியிருந்தார். கால்பந்துப் பக்கம் அது. மென்று துப்பியதுபோல் ஊறி, செத்த எலி வாடை அடித்தது. மெர்லைப் பார்த்தபோது வராத வாந்தி எனக்கு அப்போது வந்தது.

மூன்றாம் நாள் டுவைட், பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்த தட்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடவுள் சித்தம், சிஸ்டர். மழையை யார் தடுக்க முடியும்? அந்த உத்தரவாதக் காகிதம் இருந்தா குடுங்க, நான் பத்திரமா வச்சுக்கறேன்" என்றார். அவர் கை மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் போன பிறகு என் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். இறைச்சியைத் தட்டோடு குப்பையில் போட்டேன்.

அந்தக் காகிதத்தை இன்று அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் புயலில் இறந்தார் என்று எந்தத் தாளிலும் எழுதக் கூடாது. நூலை அறுத்தது நான் என்பதையும் விடாமல் எழுத வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) லோர்னா விக்கெர்ட்

கையெழுத்துக்குக் கீழே இதையும் சேர்க்கச் சொன்னேன்: கரடி, நூல் அங்கேயே தொங்கியிருந்தால், நீ அந்த மூலையில் போய் உட்கார்ந்திருப்பாயா?