உட்கூரைத் துணியில் இருந்த வெட்டு

என் பெயர் ஆபேல். தகப்பனார் பெயர் ஞானசிகாமணி. வயது 46. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் கார்களுக்கு மெத்தையும் உட்கூரைத் துணியும் தைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். என் மனைவி ஜெயபாய் மிஷினில் தைப்பாள். அளவெடுத்து வெட்டுவதும் ஆணி அடிப்பதும் நான். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

இந்த 1955 ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி காலை பத்து மணியளவில், குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் பொன்னுலிங்கம் என்பவர் பச்சை நிற ஆஸ்டின் கார் ஒன்றை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அவரை அதற்கு முன் எனக்குத் தெரியாது. உட்கூரைத் துணி தொங்கி, பின்னால் இருப்பவர்களின் தலையில் உரசுவதாகவும், அதை மாற்றித் தர வேண்டும் என்றும் சொன்னார். எட்டு மாதங்களுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு தரகர் மூலம் வாங்கிய வண்டி என்றார். மூன்று நாள் தவணை கேட்டேன். அவர் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

அதன் பிறகு நான் விளிம்பு ஆணிகளைக் கழற்றித் துணியை இறக்கினேன். அது மட்டமான சாம்பல் நிறத் துணி. அதை எடுத்தபோது அதற்கு மேலே இன்னொரு துணி இருந்தது. பழைய துணியைக் கழற்றாமல் அதன்மேலேயே புதிய துணியை அடிப்பதைத் தொழில் தெரிந்த யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டு துணிகளின் கனத்தையும் சட்டங்கள் தாங்காது. தொங்கியதற்குக் காரணம் அதுதான். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அறியும் ஆசையில் பின்சீட்டில் மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தேன்.

மேலே இருந்தது தவிட்டு நிறத்தில் நல்ல கம்பளித் துணி. பின்சீட்டின் நடுவுக்கு மேலே தொடங்கி, டிரைவர் தலைக்கு மேல்வரை ஒரு முழத்துக்குக் குறையாமல் வெட்டுப்பட்டிருந்தது. தொங்கிய ஓரத்தை இரண்டு ஆணி வைத்து மேலே குத்தியிருந்தார்கள். வெட்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. அது என்ன கறை என்று என்னால் சொல்ல முடியாது.

வெட்டு வழியாகக் கையை விட்டுத் துணியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைத் தடவிப் பார்த்தேன். நான்கில் மூன்று சீமை மரம். முன்னாலிருந்து மூன்றாவது சட்டம் மட்டும் நம் ஊர் அயினி மரம். சீமைக் காரில் அயினிச் சட்டம் வர வழியில்லை. அதைக் கழற்றாமல் என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து, சட்டத்தைப் பிடித்திருந்த துணி உறையின் தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, “இது எனக்க தையலாக்கும். டாக்டருக்க வண்டிக்குத் தச்சதுல்லா?” என்றாள்.

அவள் சொன்ன வண்டி நாகர்கோவில் டாக்டர் மாசிலாமணியுடையது. 1949-இல் அதற்கு உட்கூரை மாற்றியதும், உளுத்துப்போன சட்டத்துக்குப் பதில் அயினியில் ஒன்று சீவிப் போட்டதும் நான்தான். அப்போது வண்டி கறுப்பு நிறம். 1951-இல் அது களவுபோனது. டிரைவராக இருந்த முட்டத்துக்காரன் கிளீட்டஸ், டாக்டரைத் திருநெல்வேலியில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது வழியில் கைகாட்டிய இரண்டு பேரை ஏற்றிக்கொண்டதாகவும், ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் வந்தபோது பின்னால் இருந்தவன் கத்தியை ஓங்கியதாகவும், ஓங்கிய கத்தி மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வந்து தன் காதில் பட்டதாகவும், தன்னைத் தள்ளிவிட்டு அவர்கள் வண்டியைக் கொண்டுபோனதாகவும் சொன்னான். அவனே வண்டியை விற்றுவிட்டான் என்று வழக்கு நடந்தது. நானும் அதில் சாட்சி. துணி கிழிந்ததை அவன் கூண்டில் நின்று சொன்னபோது, வண்டியே இல்லை, துணிக்கு எங்கே போவது என்று வக்கீல் கேட்டார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவனுக்கு ஒன்றரை வருஷம் தண்டனை கிடைத்தது.

மறுநாள் பொன்னுலிங்கம் வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வந்தார். நான் வெட்டையும் சட்டத்தையும் காட்டி விவரம் சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. அவர் பானெட்டை மூடினார். “ஓய் மேஸ்திரி, நான் களவாண்டனா? தோட்டத்த ஈடு வச்சு வாங்கின வண்டியாக்கும். மேல ஒரு புதுத் துணிய அடிச்சு மூடித் தாரும். நீரும் காணல்ல, நானும் காணல்ல” என்றார். அவர் போனபின் ஜெயபாய், “நீங்க மூடினா, நான் போய் ஸ்டேசன்ல சொல்லுவேன்” என்றாள்.

அன்று முழுவதும் நான் வேறொரு வண்டியின் மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் 18-ஆம் தேதி காலை பஸ் ஏறி முட்டத்துக்குப் போனேன். கண்டதைச் சொல்லாமல், கிளீட்டஸ் சொன்னது இந்த வெட்டோடு பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ளவே போனேன். அவன் கடற்கரையில் கருவாட்டுச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தான். விடுதலையான பிறகு யாரும் அவனை டிரைவர் வேலைக்கு வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கத்தி எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டேன்.

“நாலு வருசம் களிஞ்சு இப்பமா கேக்குதீரு?” என்றான்.

நான் மறுபடியும் கேட்டேன். அவன் சிப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பின்சீட்டில் நடுவில் இருந்தவன் வலது கையால் ஓங்கினான் என்றும், துணி கிழிந்து தன் கண்ணை மறைத்தது என்றும் சொல்லி, இடது காதின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினான். இரண்டு அங்குல நீளத்துக்குத் தழும்பு இருந்தது. வெட்டு தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் அது சரியாக இருந்தது. வண்டி என் கொட்டகையில் நிற்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவன் கட்டாத கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு என்னோடு கிளம்பினான்.

அதன் பிறகு இருவரும் நாகர்கோவிலுக்கு வந்து இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் தகவல் கொடுத்தோம். அவர் கொட்டகைக்கு வந்து வண்டியைப் பார்வையிட்டார். கிளீட்டஸை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, ஒரு போலீஸ்காரரைப் பின்சீட்டின் நடுவில் இருத்தி, கையை ஓங்கச் சொல்லி நூல் பிடித்து அளந்தார். பொன்னுலிங்கத்துக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, தரகரின் பேரையும் இருப்பிடத்தையும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பின்னும் கிளீட்டஸ் சீட்டைவிட்டு இறங்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். “டாக்டர் ஐயா உசிரோட இருந்தா ஒருக்க காட்டியிருக்கலாம்” என்றான். டாக்டர் 1953-இல் இறந்துபோனார்.

இன்னொன்று என்னிடம் கேட்கப்படவில்லை. நானாகச் சொல்கிறேன். நிறத்தை மாற்றினால் வண்டி அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று கிளீட்டஸ் என்னிடம் கேட்டானா என்று முன் வழக்கில் கேட்டார்கள். கேட்டான் என்றேன். அது உண்மை. அந்த ஒரு வார்த்தை அவனுக்கு எதிராகப் போயிற்று. நடந்தது முழுவதும் இப்படி: களவுக்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் தெருவில் ஒரு வக்கீல் தன் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். கிளீட்டஸ் அது யார் வண்டி என்று தெரியாமல் கடந்துபோய்விட்டு, என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே அப்படிக் கேட்டான். நான், வெளியே என்ன செய்தாலும் துணியை இறக்கினால் என் வேலை எனக்குத் தெரியும் என்றேன். “அப்ப உம்மகிட்ட கொண்டு வராம இருந்தா போதும்” என்று அவன் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். நாங்கள் சிரித்ததை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கூண்டில் நின்று கிளீட்டஸ் என்னைப் பார்த்தான். மற்றதையும் சொல்லுவேன் என்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

இதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள். முதல் தடவை ‘கிழிசல்’ என்று எழுதியிருந்த இடத்தை ‘வெட்டு’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கிறது. இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

(ஒப்பம்) ஞா. ஆபேல்
நாகர்கோவில், 19-8-1955