ஈரத்துணி எழுதிய பதினொரு பதிவுகள்

மகன், மகள் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றாக இருப்பது ஆரம்பத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 'செ.ம.' என்று போட்டால் செல்ல மகனா, செல்ல மகளா? இரண்டு நாள் விவாதம் ஓடியது. கடைசியில் நான்தான் 'செ.பை.', 'செ.பொ.' என்று முடித்துவைத்தேன். செல்லப் பையன், செல்லப் பொண்ணு. கணவருக்கு 'அ.க.', அன்புக் கணவர். மாமியாருக்கு 'அ.மா.' என்றதும் அந்த 'அ' அன்புக்கா அடாவடிக்கா என்று கேட்டு ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கடுகடுப்பானவள் இல்லை, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் 'தொட்டில்'. இணையத்தில் நாலாயிரம் அம்மாக்கள். அதை இருபத்தொரு வருடமாக நடத்துகிறேன். வேலை என்று கேட்டால், பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அதனால் குழுவில் எனக்கு 'டீச்சரக்கா' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதுவது மூன்று மாதம் வரை என் பார்வைக்கு வந்த பிறகே வெளியே போகும். அவர்கள் தனிச்செய்தி அனுப்புவதும் எனக்கு மட்டும்தான். விஷமிகள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், 'என் பொண்ணு' என்று இருந்தால் 'செ.பொ.' என்று மாற்றுவேன். யாரும் ஆட்சேபித்ததில்லை. பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்.

அந்தப் பெண் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஈரத்துணி. சேரும்போது குழந்தைக்கு ஏழு வாரம். முதல் பதிவில் இப்படி எழுதியிருந்தாள்: "அது அழுதுக்கிட்டே இருக்கு. அவர் ஆபீசுக்குப் போயிட்டார். பக்கத்துல போய்ப் பார்த்தா யாரோ வச்சுட்டுப் போன பொருள் மாதிரி இருக்கு. திரும்ப எடுத்துட்டுப் போக வருவாங்களான்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

நான் வெளியிட்டது: "செ.பொ. அழுதுக்கிட்டே இருக்கா. அ.க. ஆபீசுக்குப் போயிட்டார். எப்ப வருவார்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. 'அது' என்பதை 'அவள்' ஆக்கினேன், சரியில்லாத ஒரு வரியை எடுத்தேன். அரை மணி நேரத்தில் முப்பது பேர் பதில் போட்டார்கள். இதயம் இதயமாகப் போட்டார்கள்.

பிற்பகல் எனக்குத் தனியாக எழுதினாள்.

"அக்கா, நான் எழுதினது அது இல்லையே."

"இங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம்மா. புதுசுல கூச்சமா இருக்கும். எழுத எழுத வந்துடும்."

"எது வந்துடும்?"

"எல்லாம்தான்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். வாயால் சொல்லிச் சொல்லித்தான் மனது பழகுகிறது. என் மகளை அப்படித்தான் வளர்த்தேன். ஒன்பது வயதிலிருந்து அவளைப் பற்றி 'தொட்டில்' குழுவில் எழுதியிருக்கிறேன், ஒரு இடத்தில்கூட 'செ.' விட்டுப்போனதில்லை.

அடுத்த ஐந்து வாரத்தில் ஈரத்துணி இன்னும் ஒன்பது பதிவு எழுதினாள். ஒன்றில், குழந்தையின் உள்ளங்கை தன் விரலைப் பிடித்தபோது உதறிவிட்டதாக எழுதியிருந்தாள். 'செ.பொ. என் விரலைப் பிடிச்சுக்கிட்டா' என்பதோடு நிறுத்தினேன். அது அந்த மாதத்திலேயே அதிகம் பேருக்குப் பிடித்த பதிவு. "கண்ணு கலங்கிடுச்சு, எவ்வளவு அழகா எழுதுறீங்க" என்று ஒருத்தி போட்டாள். ஈரத்துணியின் கணவரே அதை அலுவலகத்தில் நாலு பேரிடம் காட்டினாராம்.

அன்று எனக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா, இவங்கல்லாம் யாரைப் பத்திப் பேசுறாங்க? அந்தப் பொண்ணு யாரு? என் வீட்டுல அப்படி யாரும் இல்லையே."

நான் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினேன். குழுவை விட்டுப் போய்விடேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலக்கா" என்றாள். மரியாதையான பெண். கடைசிவரை ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை.

பதினோராவது பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்தது. அப்போது நான் அலுவலகத்தில் மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் இரண்டாம் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் டீ இருந்தது, பக்கத்து மேசைக்காரர் காலண்டரில் தாள் கிழித்துக்கொண்டிருந்தார். அவள் எழுதியிருந்தது இதுதான்:

"அதைக் குளிப்பாட்டணும். என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இன்னைக்கு என்னை அதோட தனியா விடாதீங்க. யாராவது வாங்க." கீழே வீட்டு முகவரி. பேக்கரிக்கு மேல், இரண்டாவது மாடி, கதவு சாத்தியிருக்காது என்று.

எங்கள் குழுவில் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். 'தெர்மாமீட்டர்' என்று கூப்பிடுவோம். அந்த பேக்கரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. இதற்கு முன் இரண்டு அம்மாக்களுக்கு உடம்பு முடியாதபோது போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பார்த்தேன்.

முகவரியைப் பொதுவில் போடக் கூடாது என்பது விதி, எடுத்தேன். மற்றதையும் சரிசெய்து வெளியிட்டேன்: "செ.பொ.வைக் குளிப்பாட்டணும். கை நடுங்குது, முதல் குழந்தை இல்லையா. யாராவது யோசனை சொல்லுங்க."

நான்கு நிமிடம் ஆனது. 'வாங்க' என்பதைச் 'சொல்லுங்க' ஆக்குவதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.

நாற்பத்தாறு பேர் யோசனை சொன்னார்கள். தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்க்கச் சொன்னார்கள், முதலில் கால் நனைக்கச் சொன்னார்கள். தெர்மாமீட்டரும் எழுதினாள்: "பயப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் முதல்ல நடுங்கும். கழுத்தை மட்டும் நல்லாப் பிடிச்சுக்கோங்க." அதற்குப் பிறகு மூன்று இதயம்.

பத்தரைக்கு அவள் கணவர் மறந்துபோன ஒரு காகிதத்துக்காக வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவு சாத்தியிருக்கவில்லை. குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது.

அவள் மனநிலை சரியில்லாமல் இருந்தாள் என்று அவளுடைய வக்கீல் வாதாடினார். எதிர்த்தரப்பு அந்தப் பதினொரு பதிவையும் அச்செடுத்து வைத்தது. இவ்வளவு பிரியமாக, இவ்வளவு தெளிவாக எழுதுகிறவளுக்குத் தான் செய்வது தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்டார்கள். "அது நான் எழுதினது இல்ல" என்று அவள் சொன்னாளாம். நடிக்கிறாள் என்றார்கள். நான் திருத்துவதற்கு முந்தைய வடிவம் எல்லாம் குழுவின் பதிவேட்டில் இருந்தது. என் ஒருத்திக்குத்தான் அது தெரியும். சேதி தெரிந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே சாயங்காலம் ஐந்து மணிக்குள் அழித்துவிட்டேன்.

தெர்மாமீட்டர் இப்போது வேலைக்குப் போவதில்லை. "நான் கவனிச்சிருக்கணும்க்கா, அந்த வரியில ஏதோ இருந்திருக்கணும்" என்று போனில் அழுதாள். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, அந்த வரியில ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

எனக்கு ஒரே ஒரு தொந்தரவுதான். 'அது' என்ற சொல்லைப் படிக்க முடியவில்லை. பாடப்புத்தகத்தில் அது இல்லாத பக்கம் உண்டா? 'பசு ஒரு வீட்டு விலங்கு. அது பால் தரும்.' அந்த இடத்துக்கு வந்ததும் பக்கத்தில் யாரோ மெதுவாக மிச்ச வரியைச் சொல்வார்கள். அது அழுதுக்கிட்டே இருக்கு. துணி உலர்த்தும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கும். அவள் குரலை நான் கேட்டதே இல்லை, ஆனால் குரல் இருக்கிறது. பதினொன்றும் வரிசை மாறாமல் வரும். நான் அழித்ததால் இப்போது அவை வேறெங்கும் இல்லை, என்னிடம் மட்டும்தான். ஒரு சொல்கூட மறக்கவில்லை. போன மாதம் ஒரு பக்கம் முழுக்க 'அது' வருகிற இடத்திலெல்லாம் 'அவள்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "என்னாச்சு மேடம், பசுவுக்குப் போய் உயர்திணை குடுத்திருக்கீங்க?" என்று சிரித்தார்.

என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முப்பது வயது, வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு வருடமாகப் போன்கூடக் கிடையாது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கையில் செய்தித்தாள், அதில் விரலைப் பிடித்த அந்தப் பதிவு அச்சாகியிருந்தது.

"இதை அந்தப் பொண்ணு எழுதலதானேம்மா?"

"அவ பேர்லதான் வந்திருக்கு."

"என்னைப் பத்தி எழுதுறப்பவும் நீ இப்படித்தான் எழுதுவ. எனக்கு நல்லாத் தெரியும், இது உன் எழுத்து. அவ நெஜமா என்ன எழுதினா?"

நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வராவிட்டாலும் நானே ஒருநாள் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பதினொன்றையும் நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வக்கீலிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். படித்தபோது புரியவில்லையா என்று கேட்டீர்கள்.

புரிந்தது. முதல் பதிவிலேயே புரிந்தது. எனக்கு அது புதிய பாஷை இல்லை. என் மகளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியான வேளையில் நானும் அப்படித்தான் நின்றேன். கையில் அவள் இருந்தாள், அழுதாள். பிறகு தரையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் "கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்துட்டா" என்றேன். இரண்டு மாதக் குழந்தை உருளாது என்று அந்த டாக்டருக்கும் தெரியும். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அவளுடைய வலது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அவள் கேட்கும்போதெல்லாம் கட்டில் என்றே சொல்லியிருக்கிறேன்.

அன்று எனக்கு யாரும் வரவில்லை. நானும் வாயைத் திறந்து 'வாங்க' என்று யாரையும் கூப்பிடவில்லை. சமாளித்தேன். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து ஒருத்தி அதை வெளிப்படையாக எழுதிவிட்டாள், இரண்டு தெரு தள்ளித் தெர்மாமீட்டரும் இருந்தாள், ஐந்து நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டிருப்பாள். ஈரத்துணிக்கு மட்டும் ஏன் ஆள் வர வேண்டும் என்று நினைத்தேன். அந்த நான்கு நிமிடத்தில் நான் வேறெதுவும் நினைக்கவில்லை. தெரிந்தேதான் மாற்றினேன்.

ஆனால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் முடித்துக் காட்டியிருக்கிறேன். என் செ.பொ. நன்றாகத்தான் வளர்ந்தாள், அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள், வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கூப்பிட்டால் வர மாட்டாள். நீங்கள் கூப்பிடுங்கள்.